இயந்திரம் ‘முடியாது’ என்னும் இடம்

மில்லர் என்ற துப்பறிவாளர் குவளையில் மதுவை ஊற்றுகிறார். புட்டியின் வாயிலிருந்து கிளம்பும் தாரை நேரே கீழே இறங்கவில்லை. பக்கவாட்டில் மெல்ல வளைந்து, சற்றுத் தள்ளியிருக்கும் குவளைக்குள் போய்ச் சேர்கிறது. மில்லர் அதைக் கவனிப்பதே இல்லை. வாழ்நாள் முழுக்க அப்படியே ஊற்றிப் பழகிய கை அது. பக்கத்தில் யாரும் வியக்கவில்லை, யாரும் விளக்கவில்லை. காமிராவும் அங்கே நின்று ‘பார்த்தாயா?’ என்று நம்மைக் கேட்காமல் அடுத்த காட்சிக்குப் போய்விடுகிறது. ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரின் முதல் பருவத்தில் வரும் இந்தச் சில நொடிகளை நான் நிறுத்தி நிறுத்திப் பார்த்திருக்கிறேன். ஒரு முழு உலகத்தை ஒரு தாரையின் வளைவில் காட்டிவிட்ட காட்சி அது.

இடம் சீரிஸ் என்னும் குறுங்கோள். அதைக் குடைந்து, சுழலவிட்டு, அந்தச் சுழற்சியில் பிறக்கும் விசையைத் தரையாகக் கொண்டு மனிதர்கள் குடியிருக்கிறார்கள். சுழலும் தளத்தில் கீழே விழும் பொருள் தன் போக்கில்தான் போகிறது. அது போய்ச் சேருவதற்குள் தளம் நகர்ந்துவிடுகிறது. அதனால் தாரை வளைவதாகத் தெரிகிறது. பிரெஞ்சு அறிஞர் கொரியோலி 1835இல் கணக்கிட்டுக் காட்டிய விளைவு இது. அதே சீரிஸில் ஒரு சிறு பறவை வருகிறது. எடை குறைந்த உலகம் ஆகையால், எப்போதோ ஒருமுறை சிறகை அசைத்துவிட்டுச் சோம்பலாக மிதக்கிறது. அதற்கும் விளக்க வசனம் கிடையாது. பறவையே விளக்கம்.

இப்போது கணக்கைப் போட்டுப் பார்ப்போம். சீரிஸின் குறுக்களவு ஏறத்தாழ 940 கிலோமீட்டர். பூமி ஈர்ப்பில் மூன்றில் ஒரு பங்கு கிடைக்க வேண்டுமானால் அது சுமார் 40 நிமிடத்துக்கு ஒருமுறை சுழன்றால் போதும். அவ்வளவு நிதானமான சுழற்சியில், ஒரு சாண் உயரத்திலிருந்து விழும் மது எவ்வளவு விலகும்? சுமார் 130 மைக்ரான். இரண்டு தலைமுடியின் கனம். கண்ணுக்கே தெரியாது. திரையில் நாம் பார்ப்பதோ கண்ணுக்கு நன்றாகத் தெரியும் வளைவு. இன்னொன்றும் உண்டு. சீரிஸின் சொந்த ஈர்ப்பு பூமியினதில் 35இல் ஒரு பங்குதான். அதைப் போல் பத்து மடங்குக்கும் மேலான விசையோடு சுழற்றினால், மேற்பரப்பின் மண்ணும் கல்லும் விண்வெளியில் சிதறிவிடும். குறுங்கோளே கட்டுக்குள் நிற்காது.

அறிவியல் உண்மைக்கு எடுத்துக்காட்டாகப் பலரும் சொல்லும் அந்தக் காட்சி, அளவில் உண்மையில்லை. ஆனாலும் கணக்கு தெரிந்த பிறகு என் ரசனை குறையவில்லை. கூடியிருக்கிறது. தொலைக்காட்சி அறிவியல் புனைகதை நம்மைக் கட்டிப்போட உண்மையான அறிவியல் வேண்டுமா என்ற கேள்விக்கு, அந்தத் தாரையின் வளைவிலேயே பாதி விடை இருக்கிறது. அளவு பொய். குணம் மெய். சுழலும் உலகில் எதுவும் நேராக விழாது என்ற விதியை அந்தக் காட்சி அறிந்திருக்கிறது. அந்த விதிக்கு அங்குள்ள மனிதர்கள் கட்டுப்பட்டு வாழ்கிறார்கள். குவளையை எங்கே வைப்பது என்பதைக்கூட அவர்கள் உலகம்தான் தீர்மானிக்கிறது.

இந்தக் கேள்வி ஓசூரில் வேறு கனம் பெறுகிறது. 130 மைக்ரான் என்றால் என்னவென்று இங்கே பலருடைய கை அறியும். சிப்காட் வளாகங்களிலும், மூக்கண்டப்பள்ளி, ஜூஜூவாடி, பாகலூர் ரோடு பக்கத்துச் சிறு பட்டறைகளிலும் சி.என்.சி. இயந்திரத்தின் முன் நிற்கிறவர்களுக்கு அது பெரிய தவறு. ஜாப் தள்ளுபடியாகிவிடும். ஆஃப்செட் மாற்றி மறுபடி ஓட்ட வேண்டும். அசோக் லேலண்டின் லாரியும் டி.வி.எஸ். வண்டியும் டைட்டன் கடிகாரமும் உருவாகும் ஊர் இது. கிருஷ்ணகிரிப் பக்கம் போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் ஆலை, தேன்கனிக்கோட்டைப் பக்கம் கைபேசி உறுப்புகள் செய்யும் ஆலை. தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் இந்த எல்லைப்புறத்தில், இயந்திரங்களோடு எட்டு மணி நேரம் வாழ்ந்துவிட்டு வீடு திரும்பும் லட்சக்கணக்கானவர்கள் இரவில் தொலைக்காட்சியையோ கைபேசியையோ திறக்கிறார்கள். அவர்களைவிடக் கண்டிப்பான பார்வையாளர்கள் அறிவியல் புனைகதைக்குக் கிடைக்க மாட்டார்கள் என்பது என் துணிபு. அவர்கள் எதை மன்னிக்கிறார்கள், எதை மன்னிப்பதில்லை என்று கவனித்ததில் எனக்குப் பிடிபட்டதுதான் இந்தக் கட்டுரை.

அதே தொடரின் இரண்டாம் பருவத்தில், ‘எப்ஸ்டீன்’ என்ற பொறியாளர் வருகிறார். செவ்வாயில் குடியிருப்பவர். தன் சிறு கலத்தின் எஞ்சினைத் தானே திருத்தி, சோதித்துப் பார்க்கத் தனியாகக் கிளம்புகிறார். எஞ்சின் அவர் எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு நன்றாக வேலை செய்கிறது. அதுதான் ஆபத்து. கலம் சீறிப் பாய்கிறது. முடுக்கம் அவரை இருக்கையில் அழுத்துகிறது. முதலில் முகத்தில் மகிழ்ச்சி. பிறகு மூச்சு திணறுகிறது. எஞ்சினை நிறுத்த வேண்டிய கட்டுப்பாடு கண்ணெதிரே இருக்கிறது. கை எழவில்லை. ஒரு மனிதனின் கை ஏறத்தாழ நான்கு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு மடங்கு ஈர்ப்பில் அது இருபத்தெட்டு கிலோ. அத்தனை எடையைத் தோளிலிருந்து நீட்டித் தூக்கி, விரல் நுனியால் ஒரு பொத்தானைத் தொட வேண்டும். அவரால் முடியவில்லை. எரிபொருள் தீரும்வரை எஞ்சின் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் இறந்துபோகிறார். அவர் விட்டுச்சென்ற வரைபடங்களால் மனிதகுலம் சூரிய மண்டலம் முழுக்கப் பரவுகிறது.

இந்தக் காட்சியை டூல் ரூமில் வேலை செய்யும் நண்பர் ஒருவருக்குக் கைபேசியில் காட்டினேன். அவர் வியப்பில் வாய் பிளக்கவில்லை. அரை நிமிடத்தில் கேட்டார்: “ஏண்ணா, ஈ-ஸ்டாப் எங்கண்ணா வெச்சிருக்கான்?” பிறகு கடைசிவரை ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார். முடிந்ததும், “கைக்கு எட்டுற இடத்துல வெச்சிருக்கணும்ணா” என்றார். அவர் குரலில் குறை சொல்லும் தொனி இல்லை. தெரிந்தவன் ஒருவன் விபத்தில் போய்விட்ட துக்கம் இருந்தது.

அந்தக் கேள்வியின் நயத்தைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஆலையில் ஒவ்வொரு இயந்திரத்திலும் மஞ்சள் பின்னணியில் காளான் தலை போன்ற சிவப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். அதுதான் ஈ-ஸ்டாப். உள்ளங்கையால் அடித்தால் இயந்திரம் நிற்கும். அடித்த பொத்தான் அமுங்கியே இருக்கும். திருகி விடுவித்தால்தான் மறுபடி ஓட்ட முடியும். பிரஸ் இயந்திரத்தில் இன்னும் நுட்பம். இரண்டு பொத்தான்களை இரு கைகளாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் பிரஸ் இறங்கும். இரண்டு கைகளும் பொத்தானில் இருக்கும்போது எந்தக் கையும் அச்சுக்கு அடியில் இருக்க முடியாதல்லவா? ஒரு தொழிலாளியின் விரலைக் காப்பதற்காக ஒரு பொறியாளர் எங்கோ உட்கார்ந்து யோசித்த யோசனை அது. எப்ஸ்டீனின் கலத்தில் அந்த யோசனை விடுபட்டுப்போயிற்று. எட்டாத பொத்தான் என்ற ஒரே குறையிலிருந்து அந்தக் காட்சியின் சோகம் முழுவதும் பிறக்கிறது. வில்லன் இல்லை, வெடி இல்லை, வேற்றுக்கிரக உயிர் இல்லை. நியூட்டனின் இரண்டாம் விதி மட்டும்.

இதிலும் ஒரு பொய் இருக்கிறது. எப்ஸ்டீனின் எஞ்சின் அவ்வளவு குறைந்த எரிபொருளில் அவ்வளவு விசை தருவது எப்படி என்று தொடர் சொல்வதில்லை. சொல்லவும் முடியாது. அந்த ஒரு கடனை நம்மிடம் வாங்கிக்கொண்டு, பிறகு மற்ற எல்லாவற்றையும் நேர்மையாக நடத்துகிறது. பாதி வழியில் கலத்தைத் திருப்பிப் பின்பக்கம் முன்னாக வைத்துப் பிரேக் போடுகிறார்கள். கடும் முடுக்கத்தில் உயிர் தாங்க நரம்பில் மருந்து ஏற்றிக்கொள்கிறார்கள். எஞ்சின் நின்றால் எடை போய்விடுகிறது. வேகத்துக்கு விலை உண்டு. அந்த விலையை உடம்பு கொடுக்கிறது. இயந்திரம் ‘இதற்கு மேல் முடியாது’ என்று சொல்லும் இடத்தில் மனிதன் என்ன செய்கிறான் என்பதுதான் அங்கே கதை.

அறிவியலே இல்லாத தொடர்கள் எப்படி நிற்கின்றன என்று கேட்கலாம். 1963 நவம்பரில் பி.பி.சி.யில் தொடங்கிய ‘டாக்டர் ஹூ’வில் காலப்பயணம் செய்யும் கலம் ஒரு நீலநிறப் போலீஸ் பெட்டி. வெளியே சிறியது, உள்ளே பெரியது. இதற்கு எந்த இயற்பியலும் துணை வராது. ஆனால் அது கிளம்பும்போது ஒரு சத்தம் வருமே, கேட்டிருக்கிறீர்களா? இழுத்து இழுத்து, மூச்சு வாங்கி, எதையோ கிழித்துக்கொண்டு மேலேறுவது போன்ற சத்தம். பி.பி.சி.யின் ஒலிப்பட்டறையில் இருந்த பிரையன் ஹாட்ஜ்சன், பழைய பியானோ ஒன்றின் தடித்த கம்பியில் வீட்டுச் சாவியை வைத்துத் தேய்த்து, பதிவு செய்து, அதை வேகம் மாற்றிப் பின்னி அந்த ஒலியை உண்டாக்கினார். அவர் மின்னணுவியலின் மெல்லிய ‘விர்ர்’ ஒலியைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். எதிர்கால இயந்திரம் என்றால் எல்லோரும் அதைத்தான் தேர்வார்கள். அவர் உலோகத்தின் மேல் உலோகம் உரசும் ஒலியைத் தேர்ந்தார். உராய்வு இருக்கிறது, சுமை இருக்கிறது, அந்த இயந்திரம் சிரமப்படுகிறது என்று காது நம்பிவிடுகிறது.

காதின் இந்த அறிவை ஆலையில் தினமும் பார்க்கலாம். மூத்த பராமரிப்புத் தொழிலாளி ஸ்க்ரூடிரைவரின் முனையைப் பேரிங் உறையின் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோடு அழுத்திக் கேட்பார். கண்ணை மூடிக்கொள்வார். பேரிங் தேய்ந்திருக்கிறதா, கிரீஸ் காய்ந்திருக்கிறதா, இன்னும் எத்தனை ஷிப்ட் தாங்கும் என்று சொல்லிவிடுவார். இயந்திரம் தன் வருத்தத்தை ஒலியாகச் சொல்கிறது என்று அறிந்தவர் அவர். ஹாட்ஜ்சன் செய்ததும் அதே அறிவின் மறுபக்கம். காலப்பயணத்தின் அறிவியல் அவருக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. இயந்திரம் வருந்தும் விதம் அவருக்குத் தெரிந்திருந்தது.

1966இல் தொடங்கி, பின்னர் நம் தூர்தர்ஷனிலும் ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்’கின் கதை வேறு. கலத்தை ஒவ்வொரு வாரமும் ஒரு கிரகத்தில் இறக்கிப் படமெடுக்கப் பணமில்லை. ஆகவே ஆட்களை ஒளியாக்கி அனுப்பும் கருவியைக் கற்பித்தார்கள். மறைந்து தோன்றும் அந்த மினுமினுப்புக்கு அலுமினியத் தூளை ஒளிக்கற்றையில் விழச் செய்து, காமிராவைத் தலைகீழாக வைத்து எடுத்தார்கள். லேத்துக்குப் பக்கத்தில் வெயில் கோடு விழும்போது உலோகத்தூள் மின்னுவதைப் பார்த்தவர்களுக்கு அதன் அழகு தெரியும். பிற்காலத் தொடர் வந்தபோது, அணுத்துகளின் இடத்தையும் வேகத்தையும் ஒருசேரத் துல்லியமாக அறிய முடியாது என்ற ஹைசன்பர்க்கின் 1927ஆம் ஆண்டு விதி அந்தக் கருவிக்குக் குறுக்கே நிற்கிறதே என்று இயற்பியல் தெரிந்தவர்கள் கேட்டார்கள். எழுத்தாளர்கள் ‘ஹைசன்பர்க் ஈடுசெய்வான்’ என்று அந்தக் கருவியின் ஒரு பாகத்துக்குப் பெயர் வைத்தார்கள். அது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டபோது, தொடரின் வடிவமைப்பாளர் மைக்கேல் ஒகுடா, மிக நன்றாக வேலை செய்கிறது என்று மட்டும் பதில் சொன்னார். இந்தப் பெயரை நான் ஒரு வணக்கமாகப் பார்க்கிறேன். எந்த விதியை மீறுகிறோம் என்று அறிந்து, அதைக் கண்டுபிடித்தவரின் பெயரைச் சொல்லி மீறுகிறார்கள். விதி இருப்பதே தெரியாமல் மீறுவதற்கும் இதற்கும் நடுவில் பெரிய தூரம் இருக்கிறது.

‘ஸ்டார் ட்ரெக்’, ‘தி எக்ஸ்பான்ஸ்’ ஆகிய இரண்டு உலகங்களிலும் வேலை செய்த ஒருவர் இருக்கிறார் என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் செய்தி. இந்திய வம்சாவளியினரான நரேன் ஷங்கர், கார்னெல் பல்கலைக்கழகத்தில் பயன்பாட்டு இயற்பியல், மின் பொறியியல் துறைகளில் முனைவர் பட்டம் பெற்றவர். ‘ஸ்டார் ட்ரெக்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடருக்கு அறிவியல் ஆலோசகராக இருந்தார். பல ஆண்டுகள் கழித்து ‘தி எக்ஸ்பான்ஸ்’ தொடரைத் தலைமையேற்று நடத்தினார். பெயர் சூட்டி விதியைக் கடப்பதையும், விதிக்குக் கட்டுப்பட்டுக் கதை சொல்வதையும் அவர் கை இரண்டும் அறியும். முன்னதில் வியப்பு கிடைத்தது. பின்னதில் கலத்துக்கு எடையும், அதில் போகும் உடம்புக்கு வலியும் கிடைத்தன.

நம் மொழிக்கு வருவோம். ஓசூரிலிருந்து அத்திப்பள்ளி எல்லை வழியாக நாற்பது கிலோமீட்டர் போனால் பெங்களூர். அந்நகரின் ஜாலஹள்ளியில் உள்ள பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக இருந்துகொண்டுதான் சுஜாதா எழுதினார். 80களில் ஆனந்த விகடனில் வந்த ‘என் இனிய இயந்திரா’, பிறகு தூர்தர்ஷனில் தொடராகவும் வந்தது. தமிழ்த் தொலைக்காட்சியில் அறிவியல் புனைகதை என்றால் இன்றும் முதலில் சொல்ல வேண்டிய பெயர் அதுதான். கதை நடப்பது 2020களில். அதாவது இப்போது.

அந்தக் கதையில் நாட்டை ஆளும் சர்வாதிகாரியின் பெயர் ஜீவா. நாயகி நிலா. கணவன் சிபி. புரட்சிக்காரர்கள் ரவி, மனோ. இயந்திர நாய் ஜீனோ. எல்லாம் இரண்டெழுத்து. அந்த அரசில் பெயர் அதற்கு மேல் நீளக்கூடாது. குழந்தை பெறுவதற்கும் அரசு அனுமதி வேண்டும். இந்த இரண்டெழுத்து விதியை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. சர்வாதிகாரத்தைக் காட்டச் சிறைகளையும் சவுக்குகளையும் வர்ணிக்கலாம். சுஜாதா பெயரைச் சுருக்கினார். நினைவகம் விலையாக இருந்த காலத்துக் கணினியோடு பழகிய பொறியாளருக்கு, ஒரு பதிவேட்டில் பெயருக்கு எத்தனை இடம் ஒதுக்குவது என்பது அன்றாடக் கேள்வி. அந்தக் கேள்வியை ஓர் அரசு தன் குடிமக்களிடம் கேட்டால் என்ன ஆகும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. மனிதன் பதிவாகிவிட்டான் என்பதைச் சொல்ல ஒரு வாக்கியம்கூடச் செலவாகவில்லை. ஒவ்வொரு முறை ‘சிபி’ என்று நிலா அழைக்கும்போதும் அந்த அரசு நம் காதில் விழுகிறது. ஆலை வாசலில் டோக்கன் நம்பரைச் சொல்லி உள்ளே போகிறவர்களுக்கு இந்த நுணுக்கம் இன்னும் ஆழமாகத் தைக்கும்.

ஜீவா கடைசியில் ஒரு ஹோலோகிராம் என்று தெரியவருகிறது. ஆள் இல்லை, ஒளியில் எழுந்த உருவம். வெட்டவெளியில் நடந்து பேசும் அப்படியோர் உருவத்தை உண்டாக்க இன்றைய இயற்பியலில் வழியில்லை. ஒளியை வாங்கிச் சிதறடிக்க அங்கே ஏதாவது ஒரு பொருள் வேண்டும். ஆக, இதுவும் அளவில் பொய். ஆனால் ஒரு தலைவரின் உருவத்தை மட்டுமே பார்த்து, அதற்கே பயந்து, அதையே தொழுது ஒரு நாடு வாழ முடியும் என்ற குணம் எவ்வளவு மெய்! சுவரொட்டியும் தொலைக்காட்சியும் ஆண்ட தமிழ்நாட்டைப் பார்த்து அதை எழுதியவருக்கு ஒளியியல் தெரியும், அரசியலும் தெரியும்.

ஜீனோவோ இன்னும் நுட்பம். ‘டாக்டர் ஹூ’வில் 1977இலேயே ஓர் இயந்திர நாய் வந்துவிட்டது. சோனியின் ‘ஐபோ’ 1999இல் கடைக்கு வந்தது. ஜீனோ இரண்டுக்கும் நடுவில். ஆனால் ஜீனோவின் சிறப்பு அது செய்யும் சாகசத்தில் இல்லை. அது புத்தகம் படிக்கிறது. படிக்கப் படிக்க அதற்குக் கிண்டல் வருகிறது, சந்தேகம் வருகிறது, பிறகு பாசம் வருகிறது. படிப்பதால் ஓர் இயந்திரம் மாறும் என்பது, எழுத்தின் பெருங்குவியலைப் படித்துப் பேசக் கற்றுக்கொள்ளும் இன்றைய கணினிகளின் காலத்தில் திரும்பிப் பார்த்தால் மலைக்க வைக்கிறது. தொழில்நுட்ப விவரம் எதையும் அவர் தரவில்லை. வளரும் அறிவுக்கு ஒரு வரிசை உண்டு என்பதை மட்டும் காத்தார்.

இதே சுஜாதா, பாரத் எலெக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தை உருவாக்கிய குழுவை வழிநடத்தியவர். அந்த இயந்திரத்தை அறிந்தால் அவர் கதைகளின் இயந்திரங்கள் ஏன் நம்பும்படி இருக்கின்றன என்பது புரியும். 1982இல் கேரளத்தின் பரவூர் தொகுதியில் முதன்முதலாகச் சில வாக்குச்சாவடிகளில் இவ்வகை இயந்திரங்கள் வைக்கப்பட்டன. மின்சாரம் இல்லாத ஊரிலும் ஓட வேண்டும் என்பதற்காக அது பேட்டரியில் ஓடுகிறது. ஒருவர் ஒருமுறை அழுத்தினால் ‘பீப்’ என்ற நீண்ட ஒலி. அதன் பிறகு எத்தனை முறை அழுத்தினாலும் அது அசையாது. அதிகாரி தன் மேசையிலுள்ள பொத்தானை அழுத்தி அனுமதித்தால்தான் அடுத்த வாக்கு. அந்த இயந்திரத்தின் பெருமை அது செய்வதில் பாதி, செய்ய மறுப்பதில் பாதி. எதை ஓர் இயந்திரம் மறுக்க வேண்டும் என்று அலுவலகத்தில் யோசித்த மனம், வீட்டுக்கு வந்து கதை எழுதியது. அவர் 2008இல் மறைந்தார். அந்த மனத்தின் இடம் தமிழ்த் தொலைக்காட்சியில் இன்னும் காலியாக இருக்கிறது.

முற்றிலும் வெறுமை என்று சொல்ல மாட்டேன். 2020இல் இணையத்தில் வந்த ‘டைம் என்ன பாஸ்’ தொடரில் வெவ்வேறு காலங்களைச் சேர்ந்தவர்கள் சென்னையில் ஒரே வீட்டில் சேர்கிறார்கள். நகைச்சுவைத் தொடர். காலப்பயணத்தின் அறிவியலுக்குள் அது இறங்கவில்லை. ஆனால் வந்தவர்கள் நினைத்தபோது திரும்பிப் போக முடியாது என்ற தடையை அது பிடித்துக்கொண்டது. அந்த ஒரு ‘முடியாது’தான் அவர்களை ஒரு குடும்பம் ஆக்குகிறது.

ஓர் அறிவியல் புனைகதைக்குத் தேவையான ‘முடியாது’கள் எங்கே கிடைக்கும்? கற்பனையில் கொஞ்சம் கிடைக்கும். உண்மையான அறிவியலில் அள்ள அள்ளக் கிடைக்கும். ஓசூர் டைட்டனின் கடிகாரத்துக்குள் இருக்கும் சிறு குவார்ட்ஸ் படிகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் அந்த எண்? அதைப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். ஒரு நொடி. அந்தப் படிகம் 25 பாகை வெப்பத்தை ஒட்டி மிகச் சரியாக ஓடும்படி வெட்டப்படுகிறது. அதைவிடக் குளிர்ந்தாலும் சூடானாலும் பின்தங்கும். கழற்றி வைத்த கடிகாரத்தைவிட மணிக்கட்டில் கட்டிய கடிகாரம் நேரத்தைச் சீராகக் காட்டுவதற்கு உடம்பின் வெதுவெதுப்பு ஒரு காரணம். 2002இல் வந்த ‘எட்ஜ்’ கடிகாரத்தில் அத்தனையும் 1.15 மில்லிமீட்டர் கனமுள்ள இயக்கத்துக்குள் அடங்கியது. மனிதன் தொட்டுக்கொண்டிருக்கும்வரை சரியாக இருக்கும் இயந்திரம்! எந்தத் திரைக்கதை ஆசிரியரும் இதைத் தானாகக் கற்பித்திருக்க மாட்டார். தெரிந்துகொண்டால் ஒரு கதை முழுவதையும் இதன்மேல் கட்டலாம்.

ஆலைகளின் ரோபோக்களும் அப்படித்தான். சினிமா ரோபோ மனிதனை உற்றுப் பார்க்கும். வெல்டிங் வரிசையில் நிற்கும் ஆறு அச்சு ரோபோ கைக்கு மனிதன் இருப்பதே தெரியாது. கற்றுக்கொடுத்த புள்ளிகளின் வழியே போய்த் திரும்பும். அதனால்தான் அதைச் சுற்றி வேலி. வேலிக் கதவைத் திறந்தால் எல்லாம் நின்றுவிடும். அதற்குப் பாதை கற்றுத்தர வேலிக்குள் போகிறவர் கையில் ஒரு பெட்டி இருக்கும். அதன் பின்பக்கத்து விசையை அளவாக அழுத்திப் பிடித்திருக்கும்வரைதான் ரோபோ நகரும். பயந்து கையை விட்டாலும் நிற்கும். பயத்தில் இறுக்கிப் பிடித்தாலும் நிற்கும். பயம் என்றால் கை இரண்டு விதமாகவும் நடந்துகொள்ளும் என்று அறிந்து செய்த விசை அது. 2021இல் போச்சம்பள்ளியின் ஓலா மின்சார ஸ்கூட்டர் ஆலையைப் பெண்களே நடத்துவார்கள் என்று அந்நிறுவனம் அறிவித்தது. ரோபோ வரிசைகளுக்கு நடுவே முதல் வேலைக்கு வந்த பெண்கள், சூளகிரியிலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் ஷிப்ட் பஸ் ஏறுகிறவர்கள், சுஜாதா கற்பனை செய்த அதே 2020களில் இயந்திரங்களோடு வாழ்கிறார்கள். நிலாவின் கதையை அவர்களில் ஒருத்தியை வைத்து இன்று எழுதினால், அவள் கையிலுள்ள அந்த விசையே பாதிக் கதையைச் சொல்லிவிடும்.

ஆகவே என் விடை இது. தொலைக்காட்சி அறிவியல் புனைகதைக்குச் சரியான விடைகள் கட்டாயமில்லை. மதுத் தாரை கொஞ்சம் கூடுதலாக வளையட்டும். ஹோலோகிராம் வெட்டவெளியில் நடக்கட்டும். போலீஸ் பெட்டி காலத்தைக் கடக்கட்டும். கட்டாயமானது கட்டுப்பாடு. ஒரு பெரிய பொய்யைக் கடனாக வாங்கலாம். வாங்கிய பிறகு ஒவ்வொரு சிறு விவரத்திலும் அதற்கு வட்டி கட்ட வேண்டும். அந்த இயந்திரம் எங்கே சூடாகும், எதைத் தின்னும், யாருடைய உடம்பில் அதன் விலை இறங்கும், எப்போது நின்றுபோகும் என்று எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிந்துகொள்ள உண்மையான அறிவியலைவிட நல்ல ஆசான் இல்லை. அறிவியல் கதைக்குப் போடும் வேலி என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அது கதையின் ஊற்றாகத் தெரிகிறது.

தமிழில் அடுத்த அறிவியல் தொடரை எடுக்கப்போகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஆலோசனைக்குப் பேராசிரியர்களை அழையுங்கள், நல்லது. அதோடு ஓசூருக்கும் வாருங்கள். இருபது ஆண்டு பிரஸ் ஓட்டியவரிடமும், பேரிங்கின் குரல் அறிந்தவரிடமும், ரோபோவுக்குப் பாதை கற்றுக்கொடுக்கும் இளம்பெண்ணிடமும் உங்கள் திரைக்கதையைப் படித்துக் காட்டுங்கள். உங்கள் விண்கலம் எப்படிப் பறக்கிறது என்று அவர்கள் கேட்க மாட்டார்கள். அதை எப்படி நிறுத்துவது என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு உங்களிடம் பதில் இருந்தால், அந்தத் தொடரை இந்த ஊர் கடைசிவரை பார்க்கும்.